கடலில் சண்டை, கரையில் சமாதானம்!

ஆடி மாதம் பிறந்தால் வீராம்பட்டினம் விழாக் கோலம் பூணும்.

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ள மீனவர் ஊர் அது. அங்கே செங்கழுநீர் அம்மன் கோவில் இருக்கிறது. அந்தக் கோவிலின் ஆடித் தேர்த் திருவிழா மிகவும் பெயர் பெற்றது. தேரின் வடத்தை யார் தொட்டு இழுத்துத் தொடங்கி வைப்பார் தெரியுமா? பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கவர்னர் வந்து இழுத்தார். வெள்ளைக்காரர் போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. துணைநிலை கவர்னர் வந்து வடம் பிடிப்பது மரபு ஆகிவிட்டது.

கவர்னர் வடத்தைப் பிடிப்பது சிறிது நேரம்தான். அதன் பிறகு தேரை வீதி வீதியாக இழுத்து, நிலைக்குக் கொண்டு வந்து சேர்ப்பவர்கள் ஊர் மக்கள். ஒருவர் வலப்பக்கம் இழுக்க, இன்னொருவர் இடப்பக்கம் இழுத்தால் தேர் நகராது.

ஊர்ச் சமாதானமும் ஒரு தேர்தான்.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி இந்தக் கடலோரம் போர்க்களம் போல ஆனது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கும் நல்லவாடு மீனவர்களுக்கும் மோதல். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். படகுகள் படகுகளை மறித்தன. கூட்டத்தைக் கலைக்கப் போலீசார் வானத்தை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள். கூட்டம் கலைந்தது.

ஆனால், கோபம் கலைந்ததா?

துப்பாக்கிச் சத்தம் கூட்டத்தை விரட்டும். சமாதானத்தைக் கொண்டு வராது. மறுநாள் காலையில் அந்த இரண்டு ஊராரும் ஒரே கடலுக்குத்தானே போக வேண்டும்? கடலுக்கு நடுவே வேலி போட முடியுமா?

அப்படியானால் சமாதானம் செய்து வைப்பவர் யார்? அந்தக் கேள்விக்கு மீனவர்களிடம் மிகப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. அதுதான் ஊர்ப் பஞ்சாயத்து.

சண்டை எதனால் வந்தது?

முதலில் சண்டையின் காரணத்தைத் தெரிந்து கொள்வோம். காரணம் ஒரு வலை. சுருக்குமடி வலை என்று பெயர்.

பாட்டியின் இடுப்பில் இருக்கும் சுருக்குப் பையைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றை இழுத்தால் பையின் வாய் மூடிக் கொள்ளும். இந்த வலையும் அப்படித்தான். மீன் கூட்டத்தைக் கண்டதும் அதைச் சுற்றி வட்டமாக வலையை விடுவார்கள். வலையின் அடியில் வளையங்கள் இருக்கும். வளையங்களின் வழியே கயிறு ஓடும். கயிற்றை இழுத்தால் அடிப்பக்கம் மூடிக் கொள்ளும். உள்ளே இருக்கும் மத்தி, காணாங்கத்தை போன்ற மீன்கள் கூட்டத்தோடு அகப்பட்டுக் கொள்ளும்.

"ஒரே வலையில் கடலையே அள்ளிப் போகிறார்கள். குஞ்சு மீனும் தப்புவது இல்லை. சிறு வலைக்காரன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?" என்று ஒரு சாரார் கேட்கிறார்கள்.

மற்றொரு சாராரிடமும் நியாயம் இருக்கிறது. "பல லட்சம் ரூபாய் கடன் வாங்கி இந்த வலையை வாங்கி இருக்கிறோம். ஒரு வலையை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. வலையைக் கரையில் போட்டுவிட்டால் வட்டியை யார் கட்டுவது?" என்பது அவர்கள் கேள்வி.

இரண்டு பக்கமும் வயிற்றுப் பாடு. அதனால்தான் சண்டை இவ்வளவு கடுமை ஆகிறது. 2018-ஆம் ஆண்டு கடலூர் அருகே இதே வலை காரணமாக மீனவர்களுக்குள் மோதல் ஏற்பட்டு, ஓர் உயிர் போய்விட்டது.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 1983-இல் கடல் மீன்பிடிப்பை முறைப்படுத்தச் சட்டம் வந்தது. 2000-ஆம் ஆண்டில் சுருக்குமடி வலைக்குத் தடை விதிக்கப்பட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2023 ஜனவரி 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. கரையில் இருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், அதாவது சுமார் 22 கிலோ மீட்டருக்கு அப்பால், இந்த வலையைப் போடலாம். அதுவும் திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாட்களில் மட்டும். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நடுவில் மட்டும். இதுதான் உத்தரவு.

உத்தரவு தெளிவாக இருக்கிறது. ஆனால் நடுக்கடலில் மைல் கல் நட்டு வைத்திருக்கிறார்களா? 12 மைலைத் தாண்டியாயிற்றா, இல்லையா என்று ஒவ்வொரு படகின் பின்னாலும் ஒரு போலீஸ்காரர் போக முடியுமா? முடியாது. ஊரார் மனம் வைத்தால்தான் சட்டம் கடலில் செல்லும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புதுச்சேரிப் பகுதியின் கடற்கரை சுமார் 24 கிலோ மீட்டர். அதுவும் ஒரே தொடர்ச்சியாக இல்லை. வடக்கே காலாப்பட்டு புதுச்சேரியைச் சேர்ந்தது. கொஞ்சம் தெற்கே வந்தால் பொம்மையார்பாளையம். அது தமிழ்நாடு. இன்னும் தெற்கே வந்தால் சோலை நகர், வைத்திக்குப்பம், குருசுக்குப்பம். அவை மீண்டும் புதுச்சேரி. கரையில் எல்லைக் கல் இருக்கிறது. மீனுக்கு அது தெரியாது!

ஊர்ப் பஞ்சாயத்து நடப்பது எப்படி?

சோழமண்டலக் கரையில் மீனவர் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பஞ்சாயத்து உண்டு. இது சர்க்கார் தேர்தல் நடத்தி அமைக்கும் பஞ்சாயத்து அல்ல. ஊரார் தாங்களே வைத்துக் கொண்டது. முற்காலத்தில் தலைமை தகப்பனிடம் இருந்து மகனுக்கு வந்தது. அந்தத் தலைவர்களை நாட்டார் என்றும், செட்டியார் என்றும் அழைத்தார்கள். பிறகு காலம் மாறியது. பல ஊர்களில் பஞ்சாயத்தார்களை ஊர்க் கூட்டமே தேர்ந்து எடுக்கிறது. சரியாக நடக்காதவர்களை ஊர்க் கூட்டமே மாற்றுகிறது.

கல்யாணம் ஆன ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. அந்தப் பணத்தில் கோவில் திருவிழா நடக்கும். கடலில் இறந்தவர் குடும்பத்துக்கு உதவியும் கிடைக்கும். ஊரில் சாவு விழுந்தால் யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்று கட்டுப்பாடு செய்வதும் பஞ்சாயத்துத்தான்.

வழக்கு நடக்கும் முறையைப் பார்ப்போம். கந்தனின் வலையை வேலனின் படகு அறுத்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். கந்தன் பஞ்சாயத்தில் பிராது கொடுப்பான். கோவில் திடலில் ஊர் கூடும். இருவரையும் நிற்க வைத்துக் கேட்பார்கள்.

"அண்ணே, ராத்திரி இருட்டு. உங்க வலையிலே விளக்கு இல்லே. தெரியாம நடந்து போச்சு" என்பான் வேலன்.

"விளக்கு இருந்துச்சு தம்பி. காத்துலே அணைஞ்சு போச்சு. என் வலை போனது போனதுதானே?" என்பான் கந்தன்.

காற்று எந்தப் பக்கம் அடித்தது, நீரோட்டம் எப்படி இருந்தது, பக்கத்தில் யார் படகு நின்றது, எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். விசாரிப்பவர்களும் கடலில் போய் வந்தவர்கள். அவர்களிடம் பொய் சொல்லித் தப்புவது கடினம். கடைசியில் பாதி நஷ்டத்தை வேலன் கொடுக்க வேண்டும் என்று முடிவாகும். ஊர்க் கட்டுப்பாட்டை மீறி இருந்தால் தெண்டம் வேறு. தெண்டப் பணம் ஊர்ப் பொதுவுக்குப் போகும்.

கோர்ட்டுக்குப் போனால் இந்த வழக்கு எத்தனை ஆண்டு நடக்குமோ! இங்கே ஒரு மாலையில் முடிந்து விடுகிறது. மறுநாள் வேலன் படகைக் கரை ஏற்றும்போது கந்தனும் தோள் கொடுப்பான். பஞ்சாயத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது. 'யார் வென்றார்?' என்று அது பார்ப்பது இல்லை. 'இவர்கள் நாளைக்கும் ஒன்றாக வாழ வேண்டுமே' என்று பார்க்கிறது.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் மட்டும் சுமார் 600 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் காரைக்காலைச் சேர்ந்தவர்கள். அப்போது கடலோரம் எங்கும், எந்த வீட்டில் யார் இல்லை, யார் படகு போயிற்று என்று கணக்குச் சொன்னவை ஊர்ப் பஞ்சாயத்துகள்தான். நிவாரணப் பொருட்களும் பெரும்பாலும் அவர்கள் வழியாகவே மக்களைச் சேர்ந்தன.

பிரெஞ்சுக்காரரும் தொடவில்லை

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கால் ஊன்றியது 1674-இல். அவர்களும் உள்ளூர் வழக்கங்களை ஒரே அடியாக ஒழித்து விடவில்லை. இந்தியர்களின் வழக்குகளை விசாரிக்கச் சாவடி என்ற நீதி சபை இருந்தது. சாதித் தலைவர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்டு, உள்ளூர் வழக்கப்படி தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு சாவடி போயிற்று. 1827-இல் இந்தியரின் வழக்கங்களைப் பற்றி ஆலோசனை சொல்ல ஒரு குழு அமைத்தார்கள்.

1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் எப்போது தெரியுமா? 2006-இல்! நடுவில் 38 ஆண்டுகள் தேர்தலே இல்லை. 2006-இல் தேர்ந்து எடுக்கப்பட்டவர்களின் பதவிக் காலம் 2011-இல் முடிந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் தேர்தல் இல்லாமலே கழிந்தன.

சர்க்கார் பஞ்சாயத்து இல்லாத காலத்திலும், மீனவர் ஊரில் பஞ்சாயத்து இல்லாத நாள் இல்லை. மக்கள் அதை ஏன் விடவில்லை என்பது இதிலிருந்தே புரியும்.

கடல் கடந்து ஒரு பாடம்

நம் ஊரில் மட்டும்தானா இப்படி? இல்லை. உலகின் மறுபக்கத்திலும் இதைப் போன்ற மரபு உண்டு.

வட அமெரிக்காவில், இன்றைய நியூயார்க் மாநிலத்திலும் கனடாவிலும் வாழும் பழங்குடி மக்கள் ஹோடினசோனி. 'நீண்ட வீடு கட்டி வாழ்பவர்கள்' என்பது அந்தப் பெயரின் கருத்து. மொஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனெகா என்று ஐந்து இனங்கள். ஒரு காலத்தில் இவர்கள் ஓயாமல் ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்த்தார்கள். கொலைக்குக் கொலை, பழிக்குப் பழி. வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே, சமாதானத் தூதர் ஒருவர் ஊர் ஊராகச் சென்று இவர்களை ஒன்று சேர்த்தார் என்று அவர்கள் சொல்லி வருகிறார்கள். ஹயவாதா என்ற தலைவர் அவருக்குத் துணை நின்றார். ஐந்து இனத்தாரும் ஆயுதங்களை ஒரு பைன் மரத்தின் அடியில் போட்டுப் புதைத்தார்கள் என்பது அவர்களின் வரலாறு. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு டஸ்கரோரா என்ற ஆறாவது இனமும் சேர்ந்து கொண்டது.

அவர்கள் சபையில் எல்லோரும் ஒரு மனப்படும் வரை பேசுவார்கள். பெரும்பான்மை என்று சொல்லி, சிறுபான்மையை அழுத்துவது இல்லை. சபையில் அமரும் தலைவர்கள் ஆண்கள். ஆனால், அவர்களைத் தேர்ந்து எடுப்பவர் யார்? குலத் தாய்மார்கள்! தலைவன் தவறு செய்தால் குலத் தாய் எச்சரிப்பாள். திருந்தாவிட்டால் பதவியையே பறித்து விடுவாள். தலைமைக்கு அடையாளம் மான் கொம்பு. அந்தக் கொம்பை எடுத்துவிட்டால் அவன் சாதாரண மனிதன்.

இன்னொரு அழகான வழக்கமும் உண்டு. துக்கத்தில் இருப்பவர்களிடம் எடுத்த உடனே காரியம் பேச மாட்டார்கள். முதலில் அவர்களின் கண்ணீரைத் துடைக்கும் சடங்கு நடக்கும். கண்ணீர் நிறைந்த கண்ணுக்கு வழி தெரியாது என்று அவர்கள் கருதினார்கள்.

இந்தச் சமாதானமும் ஒரு முறை உடைந்தது. அமெரிக்க விடுதலைப் போரின்போது சில இனங்கள் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தன. மற்றவை ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தன. வெளியில் இருந்து வந்த சண்டையில் அண்ணன் தம்பிகள் எதிர் எதிராக நின்றார்கள். 1924-இல் கனடா சர்க்கார், கிராண்டு ஆற்றங்கரையில் இருந்த அவர்களின் பழைய சபையைத் தள்ளிவிட்டுத் தேர்தல் சபையைப் புகுத்தியது. ஆயினும் பழைய தலைவர்களை மக்கள் கைவிடவில்லை. ஒனண்டாகா மக்கள் இன்றும் குலத் தாய்மார்களின் வழியிலேயே தலைவர்களை அமர்த்துகிறார்கள்.

நம் பஞ்சாயத்தின் குறை என்ன?

அந்த மக்களின் கதையைக் கேட்ட பிறகு நம் ஊரைத் திரும்பிப் பார்ப்போம்.

நம் மீனவர் ஊரில் தலைக்கட்டு என்றால் ஆண். ஊர்க் கூட்டத்தில் உட்காருகிறவர் ஆண். தீர்ப்புச் சொல்லுகிறவரும் ஆண். கடலுக்குப் போய் வருவதோடு ஆணின் வேலை முடிகிறது. பிறகு மீனை ஏலத்தில் எடுப்பது யார்? கூடையில் சுமந்து தெருத் தெருவாகப் போவது யார்? புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பது யார்? கடனுக்கு வட்டி கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது யார்? பெண்தானே?

கடலில் சண்டை வந்து ஒரு வாரம் படகு போகாவிட்டால் முதலில் அணைவது அவள் அடுப்பு. ஆனால் சண்டையைத் தீர்க்கும் இடத்தில் அவளுக்கு இடம் இல்லை! சுனாமிக்குப் பிறகு இந்தக் குறை வெளிச்சத்துக்கு வந்தது. கணவனை இழந்த பெண்களின் குடும்பங்கள் சில இடங்களில் பட்டியலில் விடுபட்டன. காரணம், தலைக்கட்டுக் கணக்கில் அவர்கள் பெயர் சரியாக இல்லை.

இரண்டாவது குறை ஊர் விலக்கு. தீர்ப்புக்குக் கட்டுப்படாத குடும்பத்தை ஊரை விட்டுத் தள்ளி வைக்கும் கொடுமை கடலோரத்தில் சில இடங்களில் நடந்து இருக்கிறது. தண்ணீர் கொடுக்காதே, பேசாதே, சாவுக்குப் போகாதே என்றால் அந்தக் குடும்பம் எப்படி வாழும்? அது சமாதானம் அல்ல; தண்டனை. அதுவும் சட்டத்தில் இல்லாத தண்டனை. 2011-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், கட்டப் பஞ்சாயத்து சட்ட விரோதமானது என்று சுப்ரீம் கோர்ட்டு கடுமையாகச் சொன்னது. கொலை, கற்பழிப்பு, பெண் கொடுமை, சாதிக் கொடுமை போன்ற குற்றங்களை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் பேசி முடிக்கக் கூடாது. அவை போலீசுக்கும் கோர்ட்டுக்கும்தான் போக வேண்டும்.

மூன்றாவது குறைதான் இன்றைய சண்டையின் வேர். ஒரு ஊருக்குள் வரும் சண்டையைத் தீர்க்கப் பஞ்சாயத்துக்குத் தெரியும். இரண்டு ஊருக்கு நடுவே சண்டை வந்தால்? அப்போது ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் ஊருக்கு வக்கீல் ஆகிவிடுகிறது. நீதிபதியாக நடுவில் நிற்க ஆள் இல்லை. கட்சிக்காரர்களும் ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்து கொண்டால் தீ இன்னும் பரவும். ஹோடினசோனி மக்களுக்கு நேர்ந்ததும் அதுதான்.

என்ன செய்யலாம்?

பஞ்சாயத்தை ஒழிக்க வேண்டும் என்று சிலர் சொல்லுகிறார்கள். அதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று வேறு சிலர் சொல்லுகிறார்கள். இரண்டும் சரி அல்ல. நல்லதை வைத்துக் கொண்டு, கெட்டதை நீக்க வேண்டும்.

பல ஊர்களின் பஞ்சாயத்தார் கூடிப் பேசுவது கடலோரத்துக்குப் புதியது அல்ல. அந்தக் கூட்டம் சண்டை மூண்ட பிறகு கூடுவதாக இருக்கக் கூடாது. ஆண்டு தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக் காலம் உண்டு. அந்த நாட்களில் புதுச்சேரி ஊர்களும், பக்கத்துத் தமிழ்நாட்டு ஊர்களும் ஒன்றாக உட்காரலாம். எந்த வலை, எவ்வளவு தூரம், எந்த நாள் என்று சட்டத்துக்கு உட்பட்டுப் பேசி முடிவு செய்யலாம். மீன்வளத் துறை அதிகாரிகள் உடன் இருக்கட்டும். முடிவை எழுதி, எல்லா ஊரிலும் படித்துக் காட்டட்டும். கடனில் வலை வாங்கியவர்கள் வேறு தொழிலுக்கு மாறச் சர்க்கார் கை கொடுக்கட்டும். வயிறு காய்ந்தவனிடம் சமாதானம் பேசிப் பயன் இல்லை.

அந்தக் கூட்டத்தில் மீன் விற்கும் பெண்களும் உட்கார வேண்டும். இரண்டு ஊர்ப் பெண்களும் ஒரே மார்க்கெட்டில், ஒரே வரிசையில் உட்கார்ந்து விற்பவர்கள். ஆண்கள் கடலில் முறைத்துக் கொள்ளும் நாளிலும் அவர்கள் ஒருவருக்கொருவர் சில்லறை மாற்றிக் கொடுக்க வேண்டி இருக்கிறது. நடுவர் எங்கே என்று தேடுகிறோமே, அவர்களில் பாதிப் பேர் மார்க்கெட்டில் இருக்கிறார்கள்!

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். புதுச்சேரிச் சாமிகளும் வரும். தமிழ்நாட்டில் இருந்து மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் வருவார்கள். எல்லைக் கல்லைப் பார்த்து எந்தச் சாமியும் திரும்பிப் போவது இல்லை. எல்லாச் சாமிக்கும் ஒரே கடலில்தான் தீர்த்தவாரி.

சாமிகளைத் தோளில் சுமந்து வந்து ஒரே கரையில் வரிசையாக நிறுத்தத் தெரிந்த மக்கள் இவர்கள். தாங்களும் அதே கரையில், ஒரு பாயில் உட்கார்ந்து பேச மாட்டார்களா? பேசுவார்கள். சர்க்கார் வடத்தைத் தொட்டுத் தொடங்கி வைக்கட்டும். தேரை நிலைக்குக் கொண்டு வந்து சேர்க்க வேண்டியவர்கள் ஊரார். அந்த வடத்தில் பெண்களின் கையும் சேரட்டும்.